சாப்பிட்டும் தெம்பில்லையே, ஏன்?



போன இதழில் இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "மாவு பொங்குவது இருக்கட்டும், அக்கா. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டும் எனக்கு உடம்பில் தெம்பே இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'தின்னறதெல்லாம் எங்கே போகுது?' என்று மாமியார் கேட்கிறார். நிஜமாகவே எங்கேதான் போகிறது?" என்பது அவருடைய கேள்வி.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானே என் பெண்ணைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால் இந்தச் சகோதரிக்குப் பதிலும் கிடைத்துவிடும்.

அப்போது அவள் பதினோராம் வகுப்பு. காலையில் நாலு தடவை எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கடாசிவிட்டுப் படுத்துக்கொள்வாள். "காலெல்லாம் கனமா இருக்கும்மா" என்பாள். "ராத்திரி பூரா போனை நோண்டினா காலும் கனக்கும், தலையும் கனக்கும்" என்பேன் நான். படிப்பிலும் மார்க் இறங்கியது. சோம்பேறி, சொன்ன பேச்சு கேட்காதவள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மனசுக்குள் மட்டும், சரியாகச் சாப்பிடவில்லையோ என்று சந்தேகம். டப்பாவில் வரும் சத்துப் பவுடரை வாங்கிப் பாலில் கலந்து கொடுத்தேன். தோசைக்கு நெய் கூட ஒரு கரண்டி விட்டேன். உடம்புதான் கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்றே தவிர, தெம்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணி வாளியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். போய்ப் பார்த்தால் உதடு வெளுத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அலறி அடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். ஹீமோகுளோபின் 8.2 கிராம். அந்த வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

"உங்க பொண்ணு சோம்பேறி இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "நீங்க அடுப்புல விறகை அடுக்கிக்கிட்டே இருக்கீங்க. காத்து போகலை. எப்படி எரியும்?"

அன்று ராத்திரி என் பெண்ணே தன் உயிரியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தியவள் நான். அவள் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எலியல்ல, கினிப் பன்றி

நமக்குள்ளே ஓர் அடுப்பு எரிகிறது என்பது வெறும் பேச்சு அல்ல. அதை அளந்தே பார்த்தவர் பிரான்ஸ் தேசத்து லவாஸியே. கினிப் பன்றி என்ற சின்னப் பிராணியை ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, அதைச் சுற்றிப் பனிக்கட்டியை அடைத்தார். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று கணக்கெடுத்தார். அதே அளவு கரியமில வாயு வரும்படி அடுப்புக்கரியை எரித்து, அதில் உருகும் பனிக்கட்டியோடு ஒப்பிட்டார். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துவந்தன. லாப்லாஸ் என்ற இன்னொரு மேதையோடு சேர்ந்து 1783-ல் இதை வெளியிட்டார். மூச்சுவிடுவதும் ஒரு வகையில் மெதுவாக எரிவதுதான் என்பது அவர் கண்ட உண்மை.

இதில் நமக்குச் சந்தோஷமான ஒரு விஷயம் உண்டு. லவாஸியேயின் மனைவி மாரி-ஆன், கணவரின் ஆராய்ச்சிகளுக்குக் குறிப்பெழுதி, படமும் வரைந்தவர். பின்னால் நடந்த சுவாசச் சோதனைகளை அவர் வரைந்த படத்தில், மேஜையருகே உட்கார்ந்து குறிப்பெழுதும் பெண் அவரேதான்!

ஆனால் அந்த அடுப்பு நுரையீரலில் எரிகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள். அப்படி இல்லை. நுரையீரல் காற்று வரும் ஜன்னல் மட்டுமே. நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லா வகைச் செல்களுக்குள்ளும் தனித்தனியே அடுப்பு எரிகிறது. அந்த அடுப்புக்குப் பெயர் மைட்டோகாண்ட்ரியா. இதை நாம் நம் தாயிடமிருந்துதான் பெறுகிறோம், அப்பாவிடமிருந்து வருவதில்லை. என் பெண்ணின் அடுப்பு நான் கொடுத்தது. எனக்கு என் அம்மா கொடுத்தது.

ஒரு கவளம் சோறு போகும் வழி

ஒரு கவளம் சோற்றை வாயில் போடுகிறோம். அதிலுள்ள மாவுச்சத்து வாயிலும் குடலிலும் கரைந்து குளுக்கோஸ் என்ற சர்க்கரையாகி, ரத்தத்தில் கலந்து செல்லுக்குப் போகிறது. இதோடு சாப்பாட்டு வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதி வேலைகூட முடியவில்லை!

செல்லுக்குள் போன குளுக்கோஸ் முதலில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பெரிய விறகை அடுப்பில் வைக்குமுன் பிளப்போமே, அது மாதிரி. இதற்குப் பிராணவாயு தேவையில்லை. கிடைக்கும் சக்தியும் ரொம்பக் கொஞ்சம்.

பிளந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றன. அங்கே அவை ஒரு சக்கரம்போலச் சுற்றிச் சுற்றி வரும் மாற்றங்களில் சிக்கி, துளித்துளியாகப் பிரிக்கப்படுகின்றன. இந்தச் சக்கரத்தை 1937-ல் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அதற்காக அவருக்கு 1953-ல் நோபல் பரிசு கிடைத்தது. சோற்றிலிருந்த கரி இங்கேதான் கரியமில வாயுவாகப் பிரிந்து, ரத்தத்தில் ஏறி, மூச்சில் வெளியே போகிறது. நேற்று சாப்பிட்ட சோறு இன்று நம் மூக்கு வழியாக வெளியேறுகிறது என்று சொன்னால் தப்பில்லை.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கை மாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, உணவிலிருந்து பிரித்தெடுத்த மின்துகள்களான எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சக்தி கிடைக்கிறது. வரிசையின் கடைசியில் நின்று அவற்றை வாங்கிக்கொள்வது யார் தெரியுமா? நாம் மூச்சில் இழுத்த பிராணவாயுதான். வாங்கிக்கொண்டு, ஹைட்ரஜனோடு சேர்ந்து, அது தண்ணீராகிவிடுகிறது.

கடைசி ஆள் வேலைக்கு வராவிட்டால் என்ன ஆகும்? முன்னால் நிற்பவர் கையில் கல் அப்படியே தங்கிவிடும். அவர் வாங்க முடியாததால் அவருக்கு முந்தினவரும் நிற்க வேண்டும். வரிசை முழுக்க நின்றுபோகும். நாம் மூச்சு விடுவது எதற்காக என்று யாராவது கேட்டால், இந்தக் கடைசி ஆளை விடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதற்காக என்று சொல்லிவிடலாம்.

கை மாறும்போது கிடைத்த சக்தியை என்ன செய்கிறது செல்? நாம் மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறோமே, அதுபோல ஹைட்ரஜன் துகள்களை ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏற்றிவைக்கிறது. அவை திரும்பி இறங்கி வரும்போது ஒரு குட்டி இயந்திரம் ராட்டினம்போலச் சுழல்கிறது. அதில் தயாராகும் பொருளுக்கு ஏ.டி.பி. என்று பெயர். பீட்டர் மிட்செல் 1961-ல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.

ஏ.டி.பி. என்பது சில்லறை மாதிரி. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கீரைக்காரம்மா என்ன செய்வார்? குளுக்கோஸ் அந்த நோட்டு. கண் சிமிட்ட, நெஞ்சு துடிக்க, துணி பிழிய, கணக்குப் போட, எல்லாவற்றுக்கும் உடம்பு சில்லறையைத்தான் கேட்கும். இதைச் சேர்த்து வைக்கவும் முடியாது. செலவாகச் செலவாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் நம் உடம்பு தயாரித்துச் செலவழிக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டினால், கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்கு வருமாம்!

பிராணவாயு கிடைத்தால் ஒரு குளுக்கோஸுக்கு 30 அல்லது 32 ஏ.டி.பி. வரை கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெறும் 2. இட்லி மாவில் நுண்ணுயிர்கள் செய்வதும் பிராணவாயு இல்லாத இந்தக் குறுக்குவழிதான். அதனால்தான் மாவு புளிக்கிறது. ஓடிப்போய் பஸ் பிடிக்கும்போது நம் தசைகளும் கொஞ்ச நேரத்துக்கு இந்த வழியில் இறங்கி, லாக்டிக் அமிலம் உண்டாக்கும். (மறுநாள் வரும் கால்வலிக்கு அந்த அமிலம்தான் காரணம் என்று முன்பு சொல்வார்கள். அது சரியல்ல. ஓடி முடித்த கொஞ்ச நேரத்திலேயே அது கரைந்துவிடுகிறது.)

காற்றைச் சுமந்து வருவது யார்?

சரி, ஜன்னல் வழியாக வந்த காற்றை அடுப்புக்குக் கொண்டுபோவது யார்? ரத்தச் சிவப்பணுக்கள். அவற்றுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பதற்கு அதற்குக் கை மாதிரி இருப்பது இரும்புச்சத்து. செங்கல் கை மாற்றும் வரிசையிலும் பல கைகளில் இரும்பு உண்டு.

இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். ஒவ்வொரு நடையிலும் ரத்தம் சுமக்கிற பிராணவாயு குறையும். ஈடுகட்ட இருதயம் வேகமாக அடித்து, கூட நாலு நடை அனுப்பிப் பார்க்கும். படபடப்பு அதனால்தான். உட்கார்ந்திருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் சமாளிக்க முடியாது. காஸ் அடுப்பில் காற்றுத் துவாரம் அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்குமே, நினைத்துப் பாருங்கள். சிலிண்டர் நிறைய காஸ் இருந்தும் பால் காயாது. அப்போது இன்னொரு சிலிண்டர் வாங்கி வைத்து என்ன பயன்? நான் ஊற்றிய நெய்யும் பவுடரும் அந்த இரண்டாவது சிலிண்டர்தான்.

மார்க் இறங்கியதற்கும் காரணம் புரிந்தது. மூளை நம் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு சும்மா இருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணைப் போய் 'மண்டையில் ஏறவில்லை' என்று திட்டினேனே!

இந்தச் சிவப்பணுவைப் பற்றி என் பெண் சொன்ன ஒரு விஷயம் மனசில் தங்கிவிட்டது. உடம்பு முழுக்கப் பிராணவாயுவைச் சுமந்து கொடுக்கும் அந்தச் சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாதாம். சுமப்பதில் ஒரு துளியைக்கூட அது எடுத்துக்கொள்ளாது. 2 ஏ.டி.பி. தரும் குறுக்குவழியிலேயே காலத்தை ஓட்டிவிடும். "உன்னை மாதிரியே இருக்கும்மா. எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சம் இருந்தா சாப்பிடுவே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மறுவாரம் நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். 9.6!

நாம் இரண்டு பேர் மட்டும் இல்லை, சகோதரிகளே. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். மாதாமாதம் ரத்தம் போகிறது. பிள்ளைப்பேற்றிலும் போகிறது. சாப்பிடுவதோ கடைசிப் பந்தியில். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோம்பல், அசதி, 'வயசாயிடுச்சு'.

நம் பக்கத்து மேதை ஒருவர்

ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியுமா? எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் வேலை செய்தார். 1929-ல் அவர்கள் தசையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார்.

பிற்காலத்தில் சுப்பாராவின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில்தான், 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சிவப்பணு உண்டாக ஃபோலிக் அமிலமும் வேண்டும். இன்று ரத்தசோகைக்குத் தரும் மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்திருக்கிறது. அடுப்பின் பலனையும் சொல்லி, அதற்குக் காற்று போக மருந்துக்கும் வழி செய்தவர் 1948-லேயே காலமாகிவிட்டார்.

அந்த மாத்திரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பெண்ணின் பையைச் சுத்தம் செய்தபோது, பென்சில் டப்பாவில் ஒன்பது நீல மாத்திரைகள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுப்பது. "வயித்தைப் பிரட்டுதும்மா. எல்லாரும்தான் ஒளிச்சு வைக்கிறாங்க" என்றாள். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குப் பிரட்டத்தான் செய்யும். சாப்பிட்டபின் போட்டால் அவ்வளவு தெரியாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்கும் பயப்பட வேண்டாம். இதை முன்பே சொல்லிக் கொடுக்காதது என் தப்புதானே?

சில யோசனைகள்

1. டிபனோடு காபி, டீ வேண்டாம். அதிலுள்ள பொருள்கள் இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

2. கீரை, பயறு, எள், சுண்டல் சாப்பிடும்போது கூடவே எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருக்கட்டும். வைட்டமின் சி இரும்பை இழுத்துக் கொடுக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன், இறைச்சியிலுள்ள இரும்பு சுலபமாகச் சேரும்.

3. பயறை முளைகட்டுங்கள், மாவைப் புளிக்க வையுங்கள். தானியத்தில் இரும்பைக் கட்டிப்போட்டிருக்கும் பொருள் குறைந்துவிடும். முடிந்தால் இரும்பு வாணலியில் தாளித்துக் கிளறுங்கள்.

4. அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்ய பி வைட்டமின்களும் தேவை. தீட்டிய பச்சரிசியில் தயாமின் குறைவு. கழுவினால் இருப்பதும் போகும். புழுங்கலரிசியில் அது அதிகம் தங்கும். தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத்தான் 1918-ல் நம் குன்னூரில் மெக்காரிஸன் ஓர் அறையில் ஆராய்ச்சி தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

5. குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தை மறக்காமல் கொடுங்கள். வெறுங்காலோடு அசுத்தமான மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு ஏறும். குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும்.

6. எல்லாவற்றுக்கும் முதலில் ரத்தப் பரிசோதனை. அசதிக்குத் தைராய்டு, சர்க்கரை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். சில வகை ரத்தசோகைக்கு இரும்பு ஒத்துக்கொள்ளாது. மாதவிலக்கு அதிகமாகப் போனால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, நாலாவது மாதம் என் பெண்ணுக்கு 11.8 வந்தது. மாத்திரையை உடனே நிறுத்தவிடவில்லை. உடம்பில் இருப்பு சேரவேண்டும் என்று மேலும் சில மாதம் போடச் சொன்னார். இப்போது துணி வாளியை அவளே தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். காலையில் எழுந்திருப்பதில் மட்டும் பெரிய முன்னேற்றம் இல்லை. அதற்கு ஹீமோகுளோபின் காரணமில்லை என்று தெரிந்துவிட்டதால், இப்போது தைரியமாகத் திட்டுகிறேன்!

கடிதம் போட்ட சகோதரிக்கு: நீங்கள் சாப்பிடுவது எங்கேயும் போய்விடவில்லை, அம்மா. காற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வாரமே போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். போகும்போது மாமியாரையும் கூட அழைத்துப்போங்கள். அவருக்கும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த இதழில், பால் ஏன் சில நாள் உறைகிறது, சில நாள் திரிகிறது என்று பார்ப்போம். இந்தத் தடவை இட்லியோடு காபி குடித்துக்கொண்டே இதைப் படித்தீர்களானால், டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!